அரியர் வைத்த ஆகாயம்

பிப்ரவரி 2, ஞாயிறு

காலை ஏழு நாற்பதுக்கு இப்பேரண்டம் ஒரு குலுங்கு குலுங்கியது. பாளையங்கோட்டை மகாராஜநகரில், இரண்டாவது காபிக்கும் செய்தித்தாளின் ஆறாம் பக்கத்துக்கும் நடுவே, நான் ஒருவன் மட்டுமே அதை உணர்ந்தேன். பெட்டிச் செய்தி, நாலே வரி. நான் படித்த பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் எந்தக் காலத்து அரியர் தாளாக இருந்தாலும் எழுதிக்கொள்ளலாம். இதுதான் கடைசி வாய்ப்பு, இனிக் கிடையாது. தேர்வு மார்ச் 20.

என்னிடம் ஒரே ஒரு அரியர் இருக்கிறது. எம்.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு, 'வானியற்பியல் அடிப்படைகள்'. அதற்கு வயது முப்பத்தைந்து. நான் பெற்ற பிள்ளைகளுக்கு மூத்தது.

இது எனக்கும் அந்தப் பல்கலைக்கழகத்து இரும்பு பீரோவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். தபால் துறைக்கு பி.எஸ்சி. போதும், அதைத்தான் கொடுத்தேன், அதை வைத்தே போஸ்ட்மாஸ்டராகி ஓய்வும் பெற்றேன். குடும்பத்துக்கு மட்டும்தான் நான் எம்.எஸ்சி. அதுவும் என் வாயால் சொன்னதல்ல. தேர்வுக்கும் முடிவுக்கும் இடையில் எனக்குக் கல்யாணம் வைத்த மாமனார், பத்திரிகையில் 'ஆவுடையப்பன்' என்பதைவிடப் பெரிய எழுத்தில் 'எம்.எஸ்சி.' என்று அச்சடித்து எண்ணூறு பேருக்குக் கொடுத்துவிட்டார். எண்ணூறு வீட்டுக் கதவைத் தட்டித் திருத்துவது மனிதனால் ஆகிற காரியமா?

ஏன் தோற்றீர்கள் என்று வருங்காலச் சரித்திர ஆசிரியர்கள் கேட்கக்கூடும். தோற்கவில்லை. தேர்வன்று எனக்குக் காய்ச்சல். நூற்றெட்டு டிகிரி. வாயில் வைத்த தெர்மாமீட்டர் பட்டாசுபோல் வெடித்தது.

பிப்ரவரி 6, வியாழன்

விண்ணப்பம் போட்டாயிற்று. என் பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 17.

ஜங்ஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் பாடநூல் வாங்கினேன். அறுநூறு பக்கம். வீட்டுக்குள் கொண்டுவருவதற்காகப் போன வருடப் பஞ்சாங்கத்தின் அட்டையைக் கிழித்து அதன்மேல் ஒட்டினேன். இவ்வளவு பெரிய பஞ்சாங்கத்தை உலகம் கண்டதில்லை. என் மனைவி கோமதியும் கண்டதில்லை.

"என்னங்க இது, அம்மிக்கல்லு மாதிரி?"

"மூவாயிரம் வருஷத்துக்குச் சேத்துக் கணிச்சது."

"யாரு இருந்து பாக்கப் போறா?"

மூன்றாம் அத்தியாயத்துக்குள் ஒளிந்தேன். இனி நான் இந்த வீட்டில் ஜோசியம் படிக்கிறவன்.

பிப்ரவரி 10, திங்கள்

பழைய அரியர்க்காரர்களுக்கென்று பல்கலைக்கழகம் ஆன்லைன் வகுப்பு வைத்திருக்கிறது. தினமும் மாலை நாலு மணி. பெயரைப் போட்டால் வெட்கப்பட்டு வராமல் போய்விடுவார்கள் என்று யாரோ புண்ணியவான் யோசித்திருக்கிறார். திரையில் எண் மட்டும்தான். இருபத்து மூன்று பேர், இருபத்து மூன்று கறுப்புக் கட்டம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் மடக்கு நாற்காலி போட்டு, காதில் இயர்போன் குமிழை மாட்டிக்கொண்டு, ஆசிரியர் தோன்றக் காத்திருந்தேன்.

தோன்றினாள். வடிவு.

என் அக்கா காந்திமதியின் மகள் வடிவு. கல்லூரியில் உதவிப் பேராசிரியை. ஞாயிறுதோறும் என் வீட்டில் சாப்பிட்டு, என் தட்டிலிருந்தே அப்பளத்தை எடுக்கிறவள். "எல்லாருக்கும் வணக்கம். பயப்படாம வாங்க, அடிப்படையிலேர்ந்து ஆரம்பிப்போம்" என்கிறாள். நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து தொட்டியில் மோதினேன். மகாராஜநகர் முழுவதும் அதிர்ந்திருக்கும்.

விலகிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவள் நட்சத்திரத்தின் தூரத்தை அளப்பது எப்படி என்று தொடங்கிவிட்டாள். ஜனவரியில் ஒரு தடவை பார்க்க வேண்டும், ஜூலையில் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆறு மாதத்தில் பூமி நகர்ந்த தூரத்துக்கு நட்சத்திரம் எவ்வளவு நகர்ந்ததாகத் தெரிகிறதோ அந்தக் கோணத்தை வைத்துக் கணக்கு. நன்றாகத்தான் சொல்லிக் கொடுக்கிறாள். எழுந்து போக மனமில்லை.

பிப்ரவரி 12, புதன்

நட்சத்திரங்களின் பிரகாசத்துக்கு எண் கொடுத்தவன் யாரோ, அவன்மேல் எனக்குத் தீராப் பகை. பிரகாசம் கூடினால் எண் குறையுமாம். ஒன்றாம் தரம் ஆறாம் தரத்தைவிட நூறு மடங்கு பிரகாசம். அதைவிடப் பிரகாசமானது பூஜ்யம். அதற்கும் மேலே போனால் மைனஸ். சூரியன் மைனஸ் இருபத்தாறு புள்ளி ஏழு. இந்த நியாயப்படி, மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் 'வரவில்லை' என்று அச்சாகியிருக்கும் என் பட்டியல் எப்பேர்ப்பட்ட ஜோதி!

பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எனவே கேள்விகளைத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். இன்று மட்டும் பதினொன்று.

பிப்ரவரி 15, சனி

எதிர்வீட்டு வள்ளிநாயகம் மகள் ஜாதகத்தோடு வந்துவிட்டார். கோமதி தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள். நான் அப்போது சூரியனின் எரிபொருள் கணக்கில் மூழ்கியிருந்தேன்.

"எப்ப முடியும்னு சொன்னாப் போதும்" என்றார்.

"மொத்தம் ஆயிரம் கோடி வருஷம். பாதி போயிட்டு" என்றேன்.

காபியைக்கூடக் குடிக்காமல் போனார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வடிவு சாப்பிட வந்தாள். ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "மாமா, எங்க அரியர் கிளாசுல ஒருத்தரு இருக்காரு. பதினேழாம் நம்பரு. கேமரா போட மாட்டாரு, வாயத் தொறக்க மாட்டாரு, கேள்வி மட்டும் மழையாட்டம் கொட்டுதாரு. நட்சத்திரம் வெடிக்கும்போது சத்தம் கேக்குமான்னு கேக்காரு."

"கேக்குமா?" என்றேன், அப்பாவியாக.

"வெற்றிடத்துல எப்படி மாமா கேக்கும்? எம்.எஸ்சி. படிச்சுட்டு நீங்களே கேக்கியள்ளா!"

கோமதி சிரித்தாள். நானும் சிரித்தேன். ரசம் புரையேறியது.

"ஆளு எப்படி? தேறுவாரா?"

"தேறுவாரு மாமா. அந்த இருபத்து மூணு பேருல நெஜமாவே புரிஞ்சுக்கணும்னு நெனைக்கது அவரு ஒருத்தருதான்."

மாலை வரை எனக்குத் தரையில் கால் பாவவில்லை. என் உடல் எடை நிலவில் இருப்பதைப்போல் ஆறில் ஒரு பங்காகிவிட்டது.

பிப்ரவரி 19, புதன்

வீட்டுப்பாடம் எழுதிப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும் என்பதால் இடது கையால் எழுதினேன். இரண்டரை மணி நேரம். கோழி கிளறியதைப்போல் இருந்தது.

சூரியன் வினாடிக்கு எவ்வளவு ஆற்றல் வெளிவிடுகிறது என்பது கேள்வி. பரப்பளவை எடுத்து, வெப்பநிலையின் நான்காம் அடுக்கால் பெருக்க வேண்டும். அந்த நான்கைப் போட மறந்துவிட்டேன். வகுப்பில் சொன்னாள்: "பதினேழு சார், வழிமுறை எல்லாம் சரி. ஆனா ஒரு அடுக்க விட்டதுல சூரியன் பத்தொன்பதாயிரம் கோடி மடங்கு மங்கிப் போச்சு. பூமியில எல்லாரும் ஐஸாயிட்டோம்."

இருபத்திரண்டு கறுப்புக் கட்டங்களிலிருந்தும் சிரிப்புக் குறிகள் பறந்தன. ஒற்றை நான்கை விட்டுச் சூரியனை அணைத்தவன் மனித குலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த நேரத்தில் பார்த்து, குமிழைத் தட்டப் போய் ஒலிவாங்கியைத் திறந்துவிட்டேன். கீழே உப்பு வண்டிக்காரர் "உப்பேய், கல்லுப்பேய்ய்" என்று ராகம் இழுத்தார்.

வடிவு திரைப் பக்கம் குனிந்தாள். "எங்க மாமா வீட்டுத் தெருவுல வார உப்புக்காரரு மாதிரியே இருக்கு" என்றாள்.

மூடிவிட்டேன். வகுப்பு முடியும்வரை குமிழைத் தொடவே இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஏன் தேர்வு எழுதவில்லை என்பதை எதற்கும் விரிவாகப் பதிவு செய்து வைக்கிறேன். தாமிரபரணியில் வெள்ளம். கொக்கிரகுளம் பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது. ஏப்ரலில் ஏது வெள்ளம் என்று குறுக்குக் கேள்வி கேட்பவர்கள் ஆற்றிடம் போய்க் கேட்கட்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று நடந்ததை நேராக எழுதிவிடுகிறேன்.

வடிவு சாப்பிட்டு முடித்துப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கோமதியிடம் காட்டினாள். "அத்தை, இந்த அரியர் பேப்பர் முழுக்க நான்தான் திருத்தணும்னு போட்டுருக்காங்க. ஜூன்ல புரமோஷன் இன்டர்வியூ வருதுல்லா, இதெல்லாம் கணக்குல வரும்."

"பேப்பர் திருத்தவும் கையெழுத்து வாங்குதாவளா?"

"உறவுக்காரங்க யாரும் இந்தப் பரீட்சை எழுதலைன்னு உறுதி குடுக்கணும் அத்தை. எங்க காலேஜுலயே போன வருஷம் ஒருத்தரு மச்சான் எழுதினத மறைச்சுட்டாரு. மூணு வருஷத்துக்குப் பரீட்சை வேலை கெடையாது, புரமோஷனும் நின்னு போச்சு. எனக்கு அந்தக் கவலை இல்ல. நம்ம குடும்பத்துல யாரு அரியர் வச்சிருக்கா? மாமாவே எம்.எஸ்சி. முடிச்சு முப்பத்தஞ்சு வருஷமாச்சு. வெள்ளிக்கிழமையே போட்டுக் குடுத்துட்டேன். இது காப்பி."

தாளை வாங்கிப் பார்த்தேன். 'எனது நெருங்கிய உறவினர் எவரும் இத்தேர்வை எழுதவில்லை என உறுதியளிக்கிறேன்.' கீழே அவள் கையெழுத்து. சிறு வயதில் போட்டுப் பழகிய அதே சுழி.

"என்ன மாமா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"அவியல்ல காரம்" என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

முடிவெடுத்துவிட்டேன். எழுதப் போவதில்லை. ஒரு புறாவுக்காகத் தன் தொடைச் சதையை அரிந்து கொடுத்த சிபிச் சக்கரவர்த்தி என் முன்னால் வந்தால் எழுந்து நின்று என் கையைக் குலுக்குவார். மருமகளின் எதிர்காலத்துக்காக ஒரு பட்டத்தையே துறக்கிறேன். அவள் போட்ட கையெழுத்து உண்மையாகிவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. எல்லாருக்கும் நல்லது. என்னைப் போன்ற ஒரு தியாகியை இந்த மாவட்டம் பார்த்து நெடுங்காலமாயிற்று.

நாலு மணிக்கு மாடிக்குப் போகவில்லை. வடாம்கூட இல்லாமல் மாடி வெறிச்சோடிக் கிடந்தது என்று கோமதி சொன்னாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நிம்மதி.

பிப்ரவரி 26, புதன்

நிம்மதி தாங்காமல் காலையில் ஆறு கிலோமீட்டர் நடந்தேன். வழியில் தேர்வு மையம் இருந்தது. பால் வாங்கும் கடைக்கு அது எதிர்த் திசைதான், ஆனால் உடலுக்கு நல்லது. இரும்புக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே வேப்பமரம் வளர்ந்திருக்கிறது. சைக்கிள் நிறுத்துமிடத்தை இடித்துவிட்டு அங்கே ஏதோ கட்டிடம் கட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 1, சனி

ஒரு நட்சத்திரம் ஆற்றலை இழக்க இழக்க, குளிராமல், இன்னும் சூடாகிறது. சுருங்கும், சுருங்குவதால் உள்ளே கொதிக்கும். ஏன் என்று பக்கம் 212இல் இருக்கிறது. சும்மா புரட்டினேன். எழுதப் போகாதவன் படிக்கக் கூடாது என்று சட்டமில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மின்விசிறியைத் துடைத்தேன். கோமதி கேட்காமலே. மூன்று அறையிலும்.

மார்ச் 5, புதன்

மீண்டும் துடைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

போன ஞாயிறு வடிவு வரவில்லை. இன்று வந்தாள். முற்றத்து ஊஞ்சலில் கால் மடக்கி உட்கார்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே, எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்வதைப்போல் சொன்னாள்:

"அந்தப் பதினேழாம் நம்பர் ரெண்டு வாரமா வரல மாமா."

"வேலை இருக்கும்."

"இல்ல மாமா. பயந்துட்டாரு."

"பயமா?"

"சூரியன அணைச்சுட்டீங்கன்னு நான் விளையாட்டா சொன்னேன்லா, அதுல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. வயசான மனுசரு போல. எழுத்தப் பாத்தாலே தெரியும், கை அப்படி நடுங்கியிருக்கு. பாவம், இந்த மாதிரி ஆளுங்க கடைசி நேரத்துல ஓடிருவாங்க."

இதை நான் விட்டிருக்க வேண்டும். தியாகிகள் விட்டுவிடுவார்கள். சிபியாக இருந்தால் விட்டிருப்பார்.

"யாருட்டி ஓடுனது? கை நடுங்குச்சா? இடது கையால எழுதுனா ஒனக்கு மட்டும் முத்து முத்தாவா வரும்? அந்தப் பதினேழு நான்தான்ட்டி!"

ஊஞ்சல் நின்றது. சமையலறையில் கரண்டிச் சத்தமும் நின்றது. வடிவு காபியைத் தரையில் வைத்தாள்.

"நீங்கதான் எம்.எஸ்சி.யாச்சே மாமா?"

"ஒரு பேப்பர் பாக்கி."

"முப்பத்தஞ்சு வருஷமா?"

"முப்பத்தஞ்சு வருஷமா."

அவள் என்னை அடிக்க வந்திருந்தாலும் பரவாயில்லை.  மெல்லத்தான் கேட்டாள்: "மாமா, நான் அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். அன்னைக்கு ஒங்க கையிலதான குடுத்தேன்? படிச்சியள்ளா? அப்பவே ஏன் சொல்லல?"

"அதனாலதான எழுத வேண்டாம்னு நின்னுட்டேன். ஒனக்காக."

"எனக்காகவா?"

"பின்ன?"

"அந்தக் காலத்துல எழுதாம விட்டது யாருக்காக மாமா?"

காய்ச்சல் என்று தொடங்கினேன். நூற்றெட்டு டிகிரிக்கு மனுசன் உயிரோடு இருக்க மாட்டான் என்றாள். வெள்ளம் என்றேன். ஏப்ரல்லயா என்றாள். மூன்றாவதாக ஒன்று தயாராக இருந்தது, யானை வருகிற கதை. வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், வரவில்லை.

"பயமா இருந்துச்சுட்டி" என்றேன். "மத்த எல்லாப் பேப்பரும் நல்லா எழுதியிருந்தேன். எல்லாரும் ராங்க் வரும் ராங்க் வரும்னாவ. இது ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. கேட்டு வரைக்கும் போனேன். மணி அடிச்சுது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டேன். மூணு மணி நேரம். எல்லாரும் வெளிய வந்தப்ப நானும் அவங்களோட சேந்து வந்து, கேள்வி கஷ்டம்னு சொன்னேன்."

இதை நான் எந்த உயிருக்கும் சொன்னதில்லை. உனக்கும்தான், நாட்குறிப்பே.

கோமதி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அப்ப எங்கப்பா பத்திரிகையில போட்டது?" என்றாள்.

"அச்சுப்பிழை."

"திருத்த முப்பத்தஞ்சு வருஷம் போதாதாக்கும்?"

வடிவு எழுந்து செருப்பை மாட்டினாள். "சின்னப் புள்ளையில, யாரு கேட்டாலும் எங்க மாமா பிசிக்ஸ் எம்.எஸ்சி.ன்னுதான் சொல்லுவேன்" என்றாள். "அதச் சொல்லிச் சொல்லித்தான் நானும் பிசிக்ஸ் எடுத்தேன்." திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். ஓங்கிச் சாத்தியிருக்கலாம்.

மார்ச் 11, செவ்வாய்

வடிவு தேர்வாணையரைப் பார்த்து, தெரியாமல் கையெழுத்துப் போட்டேன், என் தாய்மாமா எழுதுகிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். திருத்தும் பணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். வகுப்பும் வேறொருவருக்குப் போய்விட்டது. விளக்கம் கேட்டு மெமோ வரும் என்றார்களாம். எல்லாம் கோமதிக்கு வந்த போனில் தெரிந்தது. எனக்குப் போன் வரவில்லை.

அக்காவிடமிருந்து வந்தது. நாற்பது நிமிடம். காந்திமதி அக்காவின் குரல் வெற்றிடத்திலும் கேட்கும்.

"நான் எழுதாம இருந்துட்டா?" என்று கோமதியிடம் கேட்டேன். "மெமோ வராம இருக்குமோ?"

"அதையும் அவ சொல்லிட்டா. 'மாமாவ எழுதச் சொல்லுங்க அத்தை. எழுதலைன்னா, நான் எதுக்குப் போயி உண்மையச் சொன்னேன்'னு கேட்டா." அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள். "நானும் அதத்தான் கேக்கேன். எங்கப்பா போட்ட அச்ச யாரு வந்து சரி பண்ணுவா?"

மார்ச் 12, புதன்

பஞ்சாங்க அட்டையைக் கிழித்துப் போட்டேன். வள்ளிநாயகத்திடம் போய், எனக்கு ஜோசியம் தெரியாது, நான் ஃபெயில், அதாவது ஃபெயில்கூட இல்லை, வரவே இல்லை என்று சொன்னேன். "அது இருக்கட்டும், மகளுக்கு எப்ப முடியும்?" என்றார்.

மார்ச் 13, வியாழன்

புது ஆசிரியர் புத்தகத்தை அப்படியே வாசிக்கிறார். அவர் குரலில் ஒரு நட்சத்திரம் பிறந்து, வளர்ந்து, செத்து, ஆறியும் போய்விடுகிறது; குரல் மட்டும் மாறுவதில்லை. கேள்வி கேட்டால் "அது சிலபஸ்ல இல்ல" என்கிறார்.

மார்ச் 16, ஞாயிறு

வடிவு வரவில்லை. அப்பளம் எல்லாம் மிஞ்சியது.

கோமதி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்கிறாள். பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். வாசித்து முடிப்பதற்குள் எனக்குப் பதில் மறந்துவிடும்.

"ஹை-ட்-ரோ-ஸ்டா-டிக்... என்னமோ ஒண்ணு. சொல்லுங்க."

நட்சத்திரத்தின் எடை அதை உள்ளே இழுக்கிறது, சூட்டின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது, ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டும் சரிசமமாக இருந்தால் நட்சத்திரம் நிற்கும் என்றேன்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா ஆறு பக்கம் எழுதி வச்சிருக்கான்?"

"அத நிரூபிக்கணும்லா."

"அப்ப நிரூபிங்க" என்று நோட்டைத் தள்ளினாள். போலீஸ்காரி.

மார்ச் 18, செவ்வாய்

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். பால்காரரிடம் சந்திரசேகர் எல்லை எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். "அரை லிட்டருதான் சார் இருக்கு" என்றார்.

மார்ச் 20, வியாழன்

ஸ்கூட்டரில் போனோம். கோமதி பின்னால். வரவேண்டாம் என்றேன், வந்தாள். ஒன்பதரைக்குக் கேட் வாசல். வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது.  

"கோமதி, கேஸ் ஸ்டவ்வ அணைச்சமா?"

"அணைச்சாச்சு."

"இல்ல, எதுக்கும் ஒரு எட்டு போயிப் பாத்துட்டு..."

அவள் கையை நீட்டினாள். "வண்டிச் சாவி."

கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். "பஸ்சுக்கும் காசு தர மாட்டேன். ஒரு மணி வரைக்கும் நான் இந்தக் கேட்டுலதான் நிப்பேன். வேற வழி கெடையாது, சுத்திப் பாத்துட்டேன். போங்க."

மணி அடித்தது.  கால் இடப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் ஒளிந்துகொள்ள ஒன்றுமில்லை, புதுக் கட்டிடத்தின் சுவர்தான். அந்தக் கட்டிடத்துக்குள்தான் தேர்வு அறையும் இருந்தது.

உள்ளே போனேன்.

இருபத்தோரு பேர் வந்திருந்தார்கள். எல்லாம் நரைத்த தலை. எனக்கு முன்னால் இருந்த அம்மா மூன்று மூக்குக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார். கண்காணிப்பாளர் சின்னப் பெண். "தாத்தா, ஹால் டிக்கெட்" என்றாள். உலகம் அழிந்தாலும் மன்னிக்க மாட்டேன்.

வினாத்தாளைத் திருப்பிப் பார்க்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பார்த்தேன். பாதி தெரிந்தது. கால்வாசி தெரிந்த மாதிரி இருந்தது. எழுதத் தொடங்கினேன், வலது கையால். பதினான்காம் கேள்வி, செத்த நட்சத்திரம் ஏன் ஒரு எடைக்கு மேல் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது என்பது. ஆறு பக்கம் எழுதினேன். கூடுதல் தாள் இரண்டு வாங்கினேன். ஒரு மணிக்குத் தாளைப் பிடுங்கித்தான் வாங்கினார்கள்.

வெளியே கோமதி அதே இடத்தில். நிழல் நகர்ந்துபோய் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

"முழுசாவா?"

"முழுசா."

சாவியைக் கொடுத்தாள். வண்டியில் திரும்பினோம். முனிசிபல் ஆபீஸ் சிக்னலில் அவள் கை என் தோளில் இருந்ததை இங்கே குறித்து வைக்கிறேன். ஸ்கூட்டர் குலுங்கியதால்தான் பிடித்திருப்பாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஐந்தாவது ஞாயிறு. வரவில்லை. நாளை சித்திரைப் பிறப்பு. அக்கா வீட்டுக்குப் பலாச்சுளை கொடுத்தனுப்பினேன். பாத்திரம் திரும்பி வந்தது, கழுவி.

ஏப்ரல் 24, வியாழன்

வடிவின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்களாம். ஒரு விடைத்தாள்கூடத் தொடும் முன்பே அவளாக வந்து சொன்னதால் எச்சரிக்கையோடு முடித்துவிட்டார்கள். ஜூன் இன்டர்வியூவுக்குத் தடையில்லை. கோமதி சொன்னாள். கேட்டுவிட்டு மின்விசிறியைத் துடைக்கப் போனேன். கண்ணில் தூசி விழுந்தது.

ஏப்ரல் 26, சனி

முடிவு வந்தது. 53. ஐம்பதுக்குத் தேர்ச்சி.

கோமதி தன் அப்பாவின் படத்துக்கு முன்னால் போய்ச் சத்தமாகச் சொன்னாள்: "ஐம்பத்து மூணு. இப்பத்தான் பாஸ்."

ஏப்ரல் 27, ஞாயிறு

பன்னிரண்டரைக்குக் கேட் சத்தம். வடிவு. என்னைப் பார்த்து வணக்கமும் சொல்லவில்லை, வாழ்த்தும் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு நேராக வந்து மேசையில் மூன்று வெள்ளைத்தாள்களை வைத்தாள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"பதினாலாம் கேள்விக்கு என்ன எழுதினிய? அப்படியே எழுதிக் காட்டுங்க."

"முடிவுதான் வந்துட்டேட்டி!"

"அது அவங்க முடிவு. நான் திருத்தவேண்டிய பேப்பர் அது."

எழுதினேன். முக்கால் மணி நேரம். சாம்பார் ஆறியது. கோமதி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். எழுதியதை வடிவின் பக்கம் நகர்த்தினேன். அவள் ஒவ்வொரு வரியாகப் பேனா முனையை ஓட்டினாள். முதல் பக்கத்தில் மூன்று சரி. இரண்டாம் பக்கத்தில் முனை நின்றது. ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"அந்தச் செத்த நட்சத்திரத்த, வெள்ளைக் குள்ளனத் தாங்குறது என்ன அழுத்தம்?"

"நியூட்ரான்."

"எலெக்ட்ரான் மாமா. நியூட்ரான் வாரது அதுக்கும் அப்புறம், அந்தத் தாங்கலும் ஒடைஞ்ச பெறகு. இதுலேர்ந்து கீழ எழுதினதெல்லாம் தப்பாயிரும்லா. திருத்துனவரு கவனிக்கல." பக்கத்தில் கழித்தல் ஐந்து போட்டாள். முதல் தாளின் தலையில் 48 என்று எழுதி, வட்டம் போட்டு, அதே பழைய சுழியோடு கையெழுத்தும் போட்டாள்.

"நான் திருத்தியிருந்தா ஃபெயிலு."

"சொந்த மாமனையா?"

"ரெண்டு மார்க்குதான குறையுதுன்னு போட்டிருவேன்னு நெனைச்சியளா?"

முகம் கடுகடுவென்று இருந்தது. உதடு மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது; அதை அடக்க அவள் பட்ட பாடு பெரும்பாடு. முடியவில்லை. சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், ஏழு வாரத்துச் சிரிப்பையும் சேர்த்து. உள்ளேயிருந்து கோமதி, "எலெக்ட்ரானோ நியூட்ரானோ, சோறு ஆறுது" என்றாள்.

"சரி, அந்தத் தாங்கல் எப்படி ஒடையுதுன்னு சொல்லிக் குடு" என்றேன், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "பரீட்சைக்கு இல்ல. எனக்குத் தெரியணும்."

"மொதல்ல சாப்பிடுங்க, பதினேழு சார்."

பட்டம் தபாலில் வரட்டும், எந்தச் சுவரில் மாட்டுவது என்பதைக் கோமதி பார்த்துக்கொள்வாள். நாற்பத்தெட்டை மட்டும் அவளிடம் கொடுக்கவில்லை. சோற்றுப் பசை தடவி இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இன்னும் காயவில்லை.